பொறுக்காள்

அச்சகத்தில் அவளுக்குப் பிழையக்கா என்று பெயர். இருபத்து மூன்று வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். மருந்துப் பெட்டியின் அட்டையில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் சரி, பாடப்புத்தகத்தில் ஒரு கொம்பு இடம் மாறியிருந்தாலும் சரி, அவளுடைய சிவப்புப் பேனா நேரே அங்கே போய் நிற்கும். மூக்கின் மேல் கோபம் உள்ளவள் என்றும் பெயர் இருந்தது. அது பொய்யில்லை. எழுத்துக் கோப்பவர்கள் அவள் மேசைக்குத் தாளைக் கொண்டுவரும்போது, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவார்கள்.

அந்தக் கோபத்துக்கு ஏற்ற மாதிரியே குடும்பப் பெயரும் வாய்த்திருந்தது. பொறுக்கான். அந்த நகரத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயருக்குப் பதினொரு வீடுகள்தான். பதினொன்றும் சொந்தக்காரர்கள். வேறெங்கும் அப்படி ஒரு பெயர் இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கடைசி எழுத்துகளை மாற்றி, "பொறுக்கி, பொறுக்கி" என்று கத்துவார்கள். வாத்தியாருக்கும் அதில் ஒரு சந்தோஷம். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் வந்ததும், "பொறுத்தார் பூமி ஆள்வார். பொறுக்காத வீட்டுப் பிள்ளை என்னத்தை ஆளப்போகுது?" என்பார். வகுப்பே சிரிக்கும். எட்டு வயதில் அவள் அந்த வாத்தியாரின் சாக்குக்கட்டிப் பெட்டியைக் கிணற்றில் போட்டாள்.

வீட்டிலோ அந்தப் பெயருக்கு வேறு கதை. அப்பா சொன்னது, அண்ணன் மெருகேற்றியது. ஆதியில் அது போர்க்காவலன். யாரோ ஒரு அரசனின் போர்க்களத்தைக் காத்து நின்ற வீரன். காலப்போக்கில் வாய்க்கு வாய் தேய்ந்து பொறுக்கான் ஆகிவிட்டது.

"ர் எப்பிடிண்ணா று ஆகும்? பொறுக்கான்னா பொறுக்க மாட்டான்னுதான் அர்த்தம். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நீ புள்ளி, கால் பாக்கிறவ. இது வரலாறு" என்பான் அண்ணன்.

அண்ணன் தரை ஓடு, குளியலறை ஓடு விற்கிற பெரிய கடைக்காரன். இரண்டாவது கடையைத் திறக்கப்போகிற நேரத்தில்தான் அவனுக்கு இந்த யோசனை வந்தது. திறப்பு விழா அன்றைக்குக் குடும்ப வரலாறு ஒன்றைப் புத்தகமாக வெளியிட வேண்டும். வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். ஒரு நாள் அச்சகத்துக்கே வந்தான். பின்னால் இரண்டு பேர் ஓர் ஆள் உயரப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளம்பரப் பலகை எழுதுகிறவரிடம் சொல்லி வரையவைத்த, பூட்டனுக்கும் அப்பாவான ஓட்டன் படம். கையில் வாள், நெஞ்சில் கவசம், காது வரைக்கும் மீசை. முகம் மட்டும் அச்சு அசல் அண்ணன்.

"அவர் மீசை வச்சிருந்தாருன்னு உனக்கு யார் சொன்னா?"

"மீசை இல்லாமலா சண்டைக்குப் போயிருப்பாரு? அதை விடு. ஒரே ஒரு ஆதாரம் வேணும். பழைய தாள் ஒண்ணு, பேரும் தேதியும் இருந்தாப் போதும். முதல் அத்தியாயத்துல படமாப் போடணும். உனக்குத்தான் பழைய எழுத்தெல்லாம் படிக்க வரும். தேடித் தா."

அவள் சரி என்றாள். அவளே ஆச்சரியப்படும் அளவுக்குச் சட்டென்று சொன்னாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு அவள் புருஷனை விட்டு வந்தவள். பெண் பிறந்தது. அந்த ஆளின் குடும்பப் பெயர் தன் பிள்ளையின் மேல் ஒட்டக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். தாய்வீட்டுப் பெயரைக் கொடுக்க அப்போது ஒரு வழி இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவிடம் கேட்டாள். முதலில் "பாக்கலாம்" என்றார். பத்து நாள் கழித்து, விண்ணப்பத்தைத் திருப்பி அவள் மடியில் போட்டார்.

"பேருங்கிறது ஆம்பளை வழியில வர்றது. பொம்பளை வழியில போனா அது பேரில்ல, பழி."

அன்றைக்கு அவள் கத்தின கத்தலில் பிள்ளை விழித்து அழுதது. அப்பா அசையவில்லை. கடைசியில் பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு விழுந்தது. பெண் இப்போது தாதியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. அடையாள அட்டையிலும் அந்தக் கோடு இருக்கிறது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. ஆனால் எந்தப் படிவத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தாலும் அவளுக்கு அன்றைக்குப் போலவே நெஞ்சு எரியும்.

அதனால்தான் சரி என்றாள். அப்பாவும் அண்ணனும் தலையில் தூக்கி வைத்து ஆடிய அந்தப் போர்க்காவலனைக் கிழித்துப் போட வேண்டும். அதுவும் அண்ணன் கேட்டே கிழிக்க வேண்டும்.

நகராட்சியின் பழைய பதிவேடுகள் எல்லாம் கட்டடத்தின் நிலவறையில் இருந்தன. அதன் காப்பாளரைத் தும்மல்காரர் என்றுதான் மேலே இருக்கிறவர்கள் குறிப்பிட்டார்கள். காரணம் அவரைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு புத்தகத்தைத் திறப்பார், நாலு தும்மல். மூடுவார், இரண்டு. பதினைந்து வருடமாக அந்தத் தூசியில் இருக்கிறார். வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டதில்லை.

"பேனா உள்ள வரக்கூடாது. பென்சில் மட்டும்" என்று அவளுடைய சிவப்புப் பேனாவை முதல் நாளே வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்துச் சீட்டில கையெழுத்தும் தேதியும் போடணும். யார் எப்ப பாத்தாங்கன்னு தெரியணும் பாருங்க."

ஐந்து சனிக்கிழமை அங்கே போனாள். அப்பாவின் பிறப்புப் பதிவிலிருந்து தாத்தா, தாத்தாவிலிருந்து பூட்டன் என்று ஏணியில் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கினாள். பூட்டனின் கலியாணப் பதிவில் முகவரி இருந்தது: கண்ணாடி ஆலைக் குடியிருப்பு, பதினாலாம் வரிசை. அந்த ஆலை மூடி ஐம்பது வருடமாகிறது. இப்போது அந்த இடத்தில் பேருந்துகளைக் கழுவுகிறார்கள். ஆனால் மூடும்போது அதன் ஏடுகளை மொத்தமாக நகராட்சியில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை, தும்மல்காரர் குடியிருப்புப் பதிவேட்டைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பதினாலாம் வரிசை, மூன்றாம் வீடு. குடும்பத் தலைவர்: பொறுக்கான். பிள்ளைகள் இரண்டு.

கிடைத்துவிட்டான் வீரன் என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடி அவள் கண் அந்தக் கடைசி எழுத்தில் குத்தி நின்றது. தொழில் பழக்கம். "பொறுக்கா" வரைக்கும் ஒரு கை. "ன்" வேறு கை. மை கொஞ்சம் கறுப்பு அதிகம். விரலால் தொட்டாள். அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்திருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விளக்கடிக்குப் போய்ப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கத்தி நுனியால் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டினதுக்கு அடியில் பழைய எழுத்தின் சுழி மங்கலாகத் தெரிந்தது.

ள்.

"சார், இங்க வாங்க" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

தும்மல்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அட. பொறுக்காள். பொம்பளைப் பேரு." கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு இருந்தது. "ஆலைச் சுற்றறிக்கைங்க. இங்க பாருங்க, குடியிருப்பு வீடு இனிமே ஆம்பளைப் பேர்லதான். பொம்பளை பேர்ல இருக்கிறதைக் காலி பண்ணவும். இந்தத் தேதிக்கு அப்புறம்தான் சுரண்டியிருப்பாங்க."

"அப்ப பொறுக்கான்னு ஒருத்தன்?"

"இல்லவே இல்ல. ஒரு எழுத்தைச் சுரண்டி ஒரு ஆம்பளையை உண்டாக்கியிருக்காங்க. எழுத்தர் இரக்கப்பட்டுப் பண்ணாரா, வேலை மிச்சம்னு பண்ணாரா, அது தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காது வரைக்கும் மீசை வைத்த அந்தப் படம் கண் முன்னால் வந்தது. சத்தமாகவே சிரித்தாள். தும்மல்காரரும் சிரித்து, அதில் தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு பேர் அந்த அம்மாவுக்கு எப்படி வந்துச்சுன்னு பாக்கலாமே. ஆலையில முறையீட்டுப் புத்தகம்னு ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

முறையீட்டுப் புத்தகம் மேற்பார்வையாளன் கையெழுத்தில் இருந்தது. அழகான கையெழுத்து. அதைப் படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"பாட்டில் கழுவுகூடத்துப் பெண், கைம்பெண், இரண்டு பிள்ளைகள். சில்லு கையை வெட்டுகிறது என்று கையுறை கேட்டாள். இல்லை என்று சொல்லப்பட்டது."

"அதே பெண். கையுறை."

"அதே பெண். தண்ணீர் கொதிக்கிறது என்றாள். நின்றே வேலை செய்ய முடியாது, உட்காரப் பலகை வேண்டும் என்றாள். பொறுத்துக்கொள் என்றேன். பொறுக்கமாட்டேன் என்றாள்."

"மறுபடி அந்தப் பொறுக்காள்."

அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக அந்தப் பெயர்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெருவிரல் ரேகை. சிலவற்றில் ரேகையின் குறுக்கே வெள்ளைக் கீறல்கள் ஓடின. வெட்டுக்காயம் பதிந்த இடம். அவள் சொந்தப் பெயர் என்னவென்று எங்கேயும் இல்லை. பாதிப் புத்தகத்தில் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் குறிப்பு ஒன்று: "பெயர் கேட்டதற்கு, நீங்கள் வைத்ததையே எழுதுங்கள் என்றாள். அப்படியே எழுதப்பட்டது."

திட்டின பெயரையே வாங்கி வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டவள். அவள்தான் ஓட்டி, பூட்டனின் அம்மா. போர்க்களம் என்றால் கழுவுகூடம்தான்.

பிரதி எடுக்க வேண்டும் என்று முறையீட்டுப் புத்தகத்தை மூடினாள். அவசரத்தில் குடியிருப்புப் பதிவேட்டிலும் இதிலும் சீட்டில் கையெழுத்துப் போடாமல் எடுத்தது அப்போதுதான் நினைவு வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினாள். சீட்டில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. அவளுடைய மதிப்பெண் அட்டை எல்லாவற்றிலும் இருந்த கையெழுத்து. அப்பாவினுடையது. தேதி, அவள் பெண் பிறந்து ஒன்பதாம் நாள். விண்ணப்பத்தை மடியில் போட்டதற்கு நாலு நாள் முன்னால்.

அவர் பார்த்திருக்கிறார். இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே வரிகளைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, ஆம்பளை வழியில வர்றது என்று சொல்லியிருக்கிறார்.

தும்மல்காரர் என்னவோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. பென்சில் இரண்டாக முறிந்து கையில் இருந்தது.

அம்மா அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். எழுபத்தாறு வயது. கட்டில் மேல் காய்ந்த துணியைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் நின்றாள்.

"அப்பா ஆவண அறைக்குப் போனது உனக்குத் தெரியுமா?"

அம்மா மடித்துக்கொண்டிருந்த துவாலையை மடித்து முடித்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு வந்து சாப்பிடல. விளக்கைக்கூடப் போடாம உக்காந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன். நம்ம பேரு ஒரு பொம்பளை பேருடி, பாட்டில் கழுவினவ பேருன்னாரு. ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்கன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

"நீயும் சொல்லல."

"சொல்லல."

"பத்தொம்பது வருஷம்மா! என் பிள்ளை பேருக்குப் பக்கத்துல கோடு போட்டுக்கிட்டுத் திரியுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேட்டிருக்கேன், ஒரு மனுஷியையே மறைச்சிருக்கீங்க. உனக்கு வாய் இல்லியா?"

"கத்தாதே. கீழ கேக்கும்."

"கேக்கட்டும்!"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணிலும் ஈரமில்லை, சூடுதான் இருந்தது. "சொல்லியிருந்தா நீ அவர் மூஞ்சியில முழிச்சிருப்பியா? உன்னைத் திரும்ப வீட்டுக்குள்ள விட்டதே அவர்தான். கைப்பிள்ளையோட எங்க போயிருப்பே? நான் யாரைக் காப்பாத்தறது, செத்துப்போன கிழவியையா, உன்னையா?"

அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதை அம்மாவிடம் சொல்வதில் பயனில்லை என்று தோன்றியது. சொல்ல வேண்டியவர் சுவரில் மாட்டின படமாக இருந்தார். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கி நேரே கடைக்குப் போனாள்.

புதுக்கடையில் வேலை நடந்துகொண்டிருந்தது. சுவரெங்கும் மாதிரி ஓடுகள். வீரன் படம் கல்லாவுக்குப் பின்னால் ஏறிவிட்டது. அண்ணன் பிரதிகளை மேசையில் பரப்பிப் படித்தான். காது மடல் சிவந்தது. ஆட்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினான்.

"இதை வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல."

"காட்டாதே."

"ஆதாரம் வேணும்னே. பேரும் தேதியும் இருக்கு. முதல் அத்தியாயத்துல போடு."

"என்ன விளையாடறியா? பாட்டில் கழுவினவ பேர்ல கடை திறக்கச் சொல்றியா? வர்றவன் எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கவா?"

"அந்தம்மா கை வெட்டுப்பட்டு நாலு வருஷம் சண்டை போட்டிருக்காண்ணா. உன் மீசைக்காரன் யாரோட சண்டை போட்டான்?"

"அப்பாவே வேண்டாம்னு மூடிவச்சதை நீ ஏன் தோண்டறே?"

"அப்பா பேரை எடுக்காதே."

அவன் பிரதிகளை ஒன்றாக அடுக்கினான். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டான். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் அது.

"இங்க பாரு. நானும் பிள்ளை குட்டிக்காரன்தான். அன்னைக்கு அப்பா பண்ணது தப்பு. ஒத்துக்கிறேன். இப்ப குடும்பத்துக்குப் பெரியவன் நான். பாப்பாவுக்குச் சம்மதம்னு இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். புத்தகத்துல வம்ச மரத்துலயும் அவ பேரைச் சேர்க்கறேன். பொறுக்கான்னே போட்டுக்கட்டும். இந்தத் தாளெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும், வெளிய வேண்டாம். என்ன சொல்றே?"

பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டான்.

பத்தொன்பது வருடமாக அவள் கேட்டது அதுதான். ஒரு கையெழுத்து. அதை நினைத்து எத்தனை நாள் தலையணையைக் கடித்திருக்கிறாள். இப்போது அது மேசை மேல் நீட்டப்பட்டிருந்தது. வாங்கிக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அந்தக் கணம்தான் அவளை அதிகம் எரித்தது. கையில் என்னவோ கனத்தது. எப்போது எடுத்தாளோ, மாதிரிக்கு வைத்திருந்த தரை ஓடு ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெல்ல அதை மேசையில் வைத்தாள்.

"ஒருத்தியைச் சுரண்டின இடத்துல என் பிள்ளையை எழுதப் பாக்கறே" என்றாள். "உன் கையெழுத்தை நீயே வச்சுக்கோ."

மறுவாரம் புத்தகம் மெய்ப்புக்கு வந்தது. அறுபத்து நாலு பக்கம். முதல் அத்தியாயம்: போர்க்காவலன் வம்சம். அச்சக முதலாளி தயங்கித் தயங்கித்தான் மேசையில் வைத்தார்.

"உங்க வீட்டுப் புத்தகம். வேணும்னா வேற ஆளைப் பாக்கச் சொல்றேன்."

"நானே பாக்கறேன்."

சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். பொறுக்கான் என்ற சொல் நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு ன்-ஐயும் ள் ஆக்கிவிடலாம். அண்ணன் படிக்கப்போவதில்லை. விழா மேடையில், எல்லோர் கையிலும் புத்தகம் போன பிறகுதான் தெரியும். அந்தக் காட்சியை நினைத்தபோது வாய் இனித்தது. பேனா நுனி முதல் ன் மேல் போய் நின்றது.

ஆனால் அவளால் முடியவில்லை. எழுதினவனுக்குத் தெரியாமல் எழுத்தை மாற்றுவதைத்தானே அந்தக் கத்திக்காரனும் செய்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். ஒற்று விடுபட்ட இடத்தில் சேர்த்தாள், அரைப்புள்ளிகளைச் சரிசெய்தாள். அண்ணனின் பொய்யை ஒரு பிழையில்லாத பொய்யாக்கிக் கொடுத்தாள். நன்றியுரையிலிருந்த தன் பெயரை மட்டும் அடித்துவிட்டாள். முதல் அத்தியாயத்தின் ஓரத்தில், எந்தப் புத்தகத்துக்கும் எழுதுவது போலவே எழுதினாள்: "ஆசிரியர் கவனத்துக்கு. தகவல் தவறு. இணைப்பைப் பார்க்கவும்." பிரதிகள் எல்லாவற்றையும் கோத்து அனுப்பினாள். ஆசிரியர் பார்த்தார் என்பதற்கு முதலாளியும் சாட்சி. இரண்டு நாளில் திரும்பி வந்தது. "உள்ளபடியே இருக்கட்டும்" என்று கீழே அண்ணன் கையெழுத்து.

அன்று மாலை பெண் பயிற்சி முடிந்து வந்ததும், அவள் விண்ணப்பப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தாள். சட்டம் மாறிவிட்டது. பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு யார் சம்மதமும் வேண்டாம்.

"கையெழுத்துப் போடு. உனக்குப் பேர் வந்துருச்சு. பொறுக்காள்."

பெண் படிவத்தை எடுத்துப் படித்தாள். திருப்பி வைத்தாள். "எனக்கு வேணுமான்னு கேட்டியாம்மா?"

"என்னடி கேக்கறது?"

"கோடு நல்லாத்தான் இருக்கு. வார்டுல எல்லாரும் என்னைக் கோடுன்னுதான் கூப்பிடறாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்குத்தான் அதைப் பாத்தா எரியுது."

"உனக்காகத்தானே நான்..."

"இல்லம்மா. எனக்காக இல்ல. தாத்தா மேல உனக்கு இருக்கிற கோபத்தை என் அட்டையில எழுதச் சொல்றே. பேர் உனக்குத்தானே பிடிச்சிருக்கு? நீ வச்சுக்கோ."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பாத்திரத்தை எடுத்து டொக்கென்று வைத்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படுக்கையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பெண்ணைத் திட்டினாள், மனத்துக்குள். திட்டித் தீர்ந்தபோது, பெண் சொன்னதில் திருத்த ஒரு புள்ளிகூட இல்லை என்று தெரிந்தது. படிவத்தை எடுத்துத் தன் பெயரை எழுதினாள்.

பெயர்ப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தாள். முதல் முறை முத்திரை இல்லை என்றார்கள். இரண்டாம் முறை அலுவலர் இல்லை. மூன்றாம் முறை இருந்தார். காரணம் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுத்துப்பிழையா? நாப்பத்தாறு வருஷம் கழிச்சா?"

"நூறு வருஷத்துக்கு மேல ஆகுது சார். எங்க அண்ணன், அப்பா, தாத்தா எல்லாருக்கும் தப்பாத்தான் இருக்கு."

"ஒரு எழுத்துக்காகவா இவ்வளவு?"

"ஒரே ஒரு எழுத்துதான் சார். மாத்திக் குடுங்க."

"ள்-ல முடியற குடும்பப் பேர் நான் பாத்ததே இல்லியே. நாளைக்கு இந்தக் குடும்பத்துல ஆம்பளைப் பிள்ளை பிறந்தா?"

"இவ்வளவு நாளாப் பொம்பளைப் பிள்ளைங்க ன்-ஐச் சுமந்தாங்க இல்ல? யாராவது வந்து உங்ககிட்ட அழுதாங்களா?"

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆவண அறை முத்திரை போட்ட பிரதியைத் தேடிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. முத்திரையைக் குத்தினார்.

திறப்பு விழாவுக்கு அவள் போகவில்லை. என்ன நடந்தது என்பதை அத்தை மகள் தொலைபேசியில் சொன்னாள். அண்ணன் மேடையில் போர்க்காவலனைப் பற்றி அரைமணி நேரம் பேசினானாம். கைதட்டல். அப்புறம் விருந்தாளி ஒருவர், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் குனிந்து, "உங்க வீட்டுப் பெரியவர் என்ன கம்பீரம்!" என்று படத்தைக் காட்டினாராம். அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அது யாரோ. எங்க வீட்டு ஆளே இல்ல. எங்க வீட்டு ஆள் பாட்டில் கழுவினவ" என்றாளாம்.

"உன் அண்ணன் முகத்துல ஈயாடல" என்று சொல்லி அத்தை மகள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த விண்ணப்பம் எந்த அலுவலகத்துல குடுக்கறது?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் அம்மா ஒரு பையோடு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் அனுப்பினானா, அவளாகவே வந்தாளா என்பதை இருவரும் சொல்லவில்லை. அவளும் அம்மாவும் முதல் வாரம் அதிகம் பேசிக்கொள்ளவும் இல்லை. மன்னிப்பு என்று ஒன்று அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவின் மேலிருந்த கோபம் தணிந்ததா என்றால், இல்லை. செத்தவரோடு சண்டை போட முடியாத ஆத்திரம் அவளுக்கு அடிக்கடி வந்தது. அச்சகத்தில் இரண்டு பேர் அதற்குப் பலியானார்கள்.

ஒரு சனிக்கிழமை பெண் தானாகவே, "அந்தப் புத்தகத்தை நானும் பாக்கலாமா?" என்று கேட்டாள். பேருக்காக இல்லை, சும்மா என்றாள். இருவரும் போனார்கள். தும்மல்காரர் பெண்ணின் பேனாவையும் வாங்கிப் பூட்டினார். பெண் முறையீட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து, ஒரு வரி விடாமல், மூன்று மணி நேரம் படித்தாள். அம்மாக்காரி பெயர் கிடைத்த இடத்தோடு நிறுத்தியிருந்தாள். பெண் அதைத் தாண்டிப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள்.

"அம்மா, இதைப் பாத்தியா?"

"எதை?"

"இந்த வரி. கையுறை பன்னிரண்டு ஜோடி வழங்கப்பட்டது. வாங்கிட்டாம்மா அந்தம்மா!"

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்ததில்லை. அவளுடைய கண்ணுக்கு, அதுவும் அவளுடைய கண்ணுக்கு, தப்பிப்போன வரி. பேரைத் தேடின கண் பேரோடு நின்றுவிட்டது.

பெண்ணின் விரல் அடுத்த பக்கத்துக்குப் போனது. கழுவுகூடத்து ஆள் பட்டியல். உதடு அசைய எண்ணினாள். எண்ணி முடித்தபோது முகம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை அவள் தன் பெண்ணின் முகத்தில் அதுவரை பார்த்ததே இல்லை.

"நாப்பத்தோரு பேரும்மா இங்க. பன்னெண்டு ஜோடியை வச்சுக்கிட்டு நாப்பத்தோரு பேர் எப்பிடிக் கழுவுவாங்க? மத்தவங்க கையெல்லாம் கையில்லியா? எவன் எண்ணிக் குடுத்தான் இதை?"

"சத்தம் போடாதீங்க" என்றார் தும்மல்காரர். சொல்லிவிட்டு, அவரே எழுந்து போய் அடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.